பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் விற்கப் போகிறீர்களா? சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தை மாதம் என்னுடைய 2002 ஹோண்டா சிட்டி விடெக் காரை விற்றேன். அதற்கு முன்னால் ஒரு மிட்சுபிஷி லான்சர் என் கையை விட்டுப் போனது. நண்பர்களுக்காகக் கூட நின்று ஒரு பழைய பலேனோவையும் ஒரு எஸ்டீமையும் விற்றுக் கொடுத்திருக்கிறேன். இப்போது அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம் யாராவது இந்த மாதிரி வண்டியை விற்க நினைத்தால் எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். எல்லாருக்கும் பயன்படட்டும் என்று பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் டொயோட்டா சுப்ரா, நிசான் ஸ்கைலைன்தானே? என்னிடம் இருப்பது பழைய சிட்டி. இதையா மாடிஃபை செய்ய வாங்குவார்கள்?

இதைத்தான் வாங்குகிறார்கள். வெளிநாட்டில் ஓடிய காரை இங்கே இறக்குமதி செய்ய வேண்டுமானால் அதற்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மூன்று வயதுக்குள் இருந்தாலும் வரி கண்ணைக் கட்டும். அதனால் 1990களின் சுப்ராவும் ஸ்கைலைனும் மாஸ்டா ஆர்எக்ஸ்-7-ம் நம் ஊர்ப் பையன்களுக்குப் போன் திரையில் பார்க்கிற வண்டிகள்தான். நம் சாலையில், நம் நம்பர் பிளேட்டோடு கிடைக்கிற ஜப்பான் வேகம் என்றால் ஒரு சின்னக் கூட்டம்: 1998-ல் வந்த முதல் ஹோண்டா சிட்டி, அதில் 2000-ல் வந்த விடெக், அதே 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நம் திருவள்ளூர் ஆலையில் செய்யத் தொடங்கிய லான்சர், 2006-ல் வந்த அடுத்த லான்சரான சீடியா, மாருதியின் முதல் பலேனோ, 2006 சிவிக். இதில் சீடியாவுக்குத் தனி மவுசு. மிட்சுபிஷியின் புகழ்பெற்ற ராலி வண்டிகளான லான்சர் எவல்யூஷன் 7, 8, 9 எல்லாம் அந்த உடலை வைத்துச் செய்தவை. இந்தியத் தேசிய ராலி சாம்பியன்ஷிப்பிலும் சீடியா நிறைய ஓடியிருக்கிறது.

உங்கள் சிட்டி விடெக்காக இருந்தால் அதன் அருமையை முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் இன்ஜினில் 106 குதிரைத்திறன் என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமே இல்லை. ஹோண்டா இந்த விடெக் என்ற வால்வு ஏற்பாட்டை முதன்முதலில் 1989-ல் இன்டெக்ரா காரில் கொண்டுவந்தது. மெதுவாகப் போகும்போது ஒரு கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் முட்டை வடிவத் துண்டு) வால்வைக் கொஞ்சமாகத் திறக்கும். ஆர்.பி.எம். ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு சின்னப் பின்னைத் தள்ளி ராக்கர்களை (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் கைகள்) ஒன்றாகப் பூட்டும். உயரமான கேம் பொறுப்பெடுத்துக்கொண்டு வால்வை இன்னும் ஆழமாக, இன்னும் அதிக நேரம் திறந்து வைக்கும். ஓட்டுகிறவருக்கு இன்ஜினின் குரலே மாறுவது கேட்கும். அந்தக் குரலைக் கேட்கத்தான் உங்கள் வீட்டு வாசலுக்கு ஆள் வருகிறது.

வாங்க வருகிறவர் எதைப் பார்ப்பார்?

வண்டியின் உடம்பைப் பார்ப்பார். இன்ஜினை இறக்கி வேலை பார்க்க ஆள் உண்டு, ஷாக்கை மாற்றலாம், சீட்டைத் தைக்கலாம். துரு தின்ற தகட்டையும் அடி வாங்கிய சேசிஸையும் பழையபடி கொண்டுவருவது பெரும்பாடு. மாற்றுவதற்கு ஏற்ற கார் எது என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இதுவரை யாரும் மாற்றாத கார்.

அதனால் அவர் வருவதற்கு முன் நீங்களே ஒருமுறை பாருங்கள். டிக்கியைத் திறந்து, பாயை எடுத்து, ஸ்டெப்னியை வெளியே தூக்கி வையுங்கள். அந்தக் குழியில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா? விரலால் தேய்த்தால் பழுப்புத் தூள் ஒட்டுகிறதா? பின் சக்கர வளைவின் உள் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் கொப்பளித்திருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கைக்குத் தெரியும். கதவின் அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். தகடு கணீரென்று பேசும். பட்டி பூசிய இடம் மண்சட்டி மாதிரி அமுங்கிப் பேசும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால் பட்டியின் எல்லைகூடத் தெரிந்துவிடும். வருகிறவரில் பாதிப் பேர் பாக்கெட்டில் காந்தத்தோடுதான் வருகிறார்கள்.

ஊர் விஷயமும் இதில் இருக்கிறது. சேலத்திலேயே நின்ற வண்டிக்கு வறண்ட காற்றுப் புண்ணியத்தில் துரு குறைவு. ஏற்காட்டில் வருடக்கணக்காக நின்ற வண்டி பனியிலும் சாரலிலும் ஊறியிருக்கும். வெளியே பளபளவென்று இருந்தாலும் பாய்க்கு அடியில் ஈரம் பிடித்திருக்கும். எஸ்டேட்டில் நின்ற வண்டி என்றால் அதை மறைக்காமல் சொல்லி, பாயைத் தூக்கிக் காட்டி விற்றுவிடுங்கள். கீழே வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பக்கம் தினமும் ஓடிய வண்டிக்கு வேறு தொல்லை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் மாவு சலித்த மாதிரி தூசி நிற்கும். ஃபில்டர் விலை கொஞ்சம்தான், மாற்றிவிட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்று வயரிங். ஆடியோ செட்டுக்காகவும் ஹாரனுக்காகவும் யாரோ வெட்டி ஒட்டிய வயர்கள் டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கினால், விஷயம் தெரிந்த ஆள் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுவார். வெட்டாத வயரிங் இருந்தால் அதைப் போட்டோ எடுத்தே விளம்பரத்தில் போடுங்கள்.

விற்பதற்கு முன் அலாய் வீல், எக்ஸாஸ்ட் எல்லாம் போட்டால் விலை ஏறுமா?

ஏறாது. உங்கள் ருசி வேறு, அவர் ருசி வேறு. நீங்கள் நாற்பதாயிரம் போட்டு மாட்டிய சைலன்சரை அவர் முதல் வாரமே கழற்றி மூலையில் வைப்பார். அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர் போட்டால் வண்டி ஓடும் விதமே பேசும்.

ஏற்கெனவே மாற்றிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

ஒரிஜினல் பாகங்கள் இருந்தால் திரும்ப மாட்டுங்கள். மாற்று பாகங்களைத் தனியாக விற்றால் மொத்தத்தில் கூடுதலாகவே கிடைக்கும். என் சிட்டியின் ஒரிஜினல் சைலன்சர், ஏர் ஃபில்டர் பெட்டி, ஸ்டீயரிங் மூன்றையும் சாக்கில் கட்டி பதினோரு வருடம் பரணில் வைத்திருந்தேன். வீட்டில் எத்தனையோ முறை காயலாங்கடைக்குப் போடச் சொன்னார்கள். வாங்க வந்த தம்பி அந்தச் சாக்கைப் பார்த்த பிறகு விலை பேசுவதையே விட்டுவிட்டார்.

ஒரிஜினல் கைவசம் இல்லை என்றால், என்ன மாற்றினீர்கள், எந்த வருடம், எந்தக் கடையில், என்ன பில் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மறைத்து விற்றால் அவர் மெக்கானிக் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்.

எதையெல்லாம் சரி செய்துவிட்டு விற்கலாம், எதை அப்படியே விடலாம்?

உயிருக்கும் இன்ஜினுக்கும் ஆபத்தானதை மட்டும் சரி செய்யுங்கள். பிரேக், டயர், ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தால் கட்டாயம் பாருங்கள். இந்த சிட்டியில் டைமிங் பெல்ட் முக்கியம். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், இன்ஜின் போச்சு. எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால் மாற்றிவிட்டு அந்தப் பில்லைக் கையில் வையுங்கள். விலை பேசும்போது அது உங்கள் பக்கம் நிற்கும்.

பெட்ரோல் ஹோஸ்களையும் பாருங்கள். இப்போது பங்கில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இருபது வருடத்துக்கு முந்தைய ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. ஹோஸை மடித்துப் பார்த்தால் மேல் தோலில் வெடிப்பு தெரியும். தெரிந்தால் மாற்றுங்கள். இது தீப்பிடிக்கிற சமாச்சாரம், விலையைப் பார்க்காதீர்கள்.

அந்தக் கால ஹோண்டாக்களுக்கே உரிய ஒரு சின்ன வியாதியும் உண்டு: மெயின் ரிலே, அதாவது பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச். சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்தி, கடைக்குப் போய்விட்டு அரைமணி கழித்து வந்தால், செல்ஃப் அடிக்கும், ஸ்டார்ட் ஆகாது. என்னை இது லீ பஜார் வாசலில் மூன்று முறை நிறுத்தியிருக்கிறது. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி பம்ப் முனகும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அந்த ரிலேயைக் கழற்றி, மூடியைத் திறந்து, சாலிடர் புள்ளிகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஏதாவது ஒரு புள்ளியைச் சுற்றி முடி மாதிரி ஒரு வளைய வெடிப்பு இருக்கும். சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுவிடுகிறது. டிவி ரிப்பேர் கடையில் சாலிடர் வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

பம்பர் கீறல், மங்கிய ஹெட்லைட், கிழிந்த சீட் கவர் இதையெல்லாம் விட்டுவிடுங்கள். புதுசாக முழுப் பெயிண்ட் அடித்தால் சந்தேகம்தான் வரும். என்ன மறைக்கிறார் என்று நினைப்பார்கள்.

என்ன விலை சொல்லலாம்?

பழைய கார் செயலிகளில் உங்கள் வண்டியின் வருடத்தைத் தட்டினால் ஒரு தொகை காட்டும். சாதாரண வண்டிக்கு அது சரி. இந்த வண்டிகளுக்கு அது காயலாங்கடை விலைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதை வைத்து உங்கள் காரை எடை போடாதீர்கள். அதே சமயம், எங்கோ ஒருவர் ஐந்து லட்சம் கேட்டு விளம்பரம் போட்டிருக்கிறார் என்பதும் விலை ஆகாது. கேட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு. இதே வண்டியை அண்மையில் விற்ற இரண்டு மூன்று பேரிடம் போனில் கேளுங்கள். கார்ப் பித்து உள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

நான் இரண்டு நாற்பது சொன்னேன், ஒன்று தொண்ணூறுக்கு முடிந்தது. முதல் நாளே இரண்டு லட்சத்துக்குக் கேட்ட ஒரு புரோக்கருக்குக் கொடுக்கவில்லை. காரணத்தைக் கீழே பேப்பர் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

வண்டிக்கு இருபது வயதாகிவிட்டது. எஃப்.சி. எடுத்துவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா?

சொந்த வண்டியின் ஆர்.சி. முதலில் 15 வருடத்துக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஃபார்ம் 25. நாம் எல்லாரும் பேச்சில் இதைத்தான் எஃப்.சி. என்கிறோம். 2022 ஏப்ரல் முதல் காருக்கு இந்தக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட்டில் வந்த திருத்தப்படி 20 வயதைத் தாண்டிய காருக்கு 10,000 ஆனது. நேரத்தில் புதுப்பிக்காமல் விட்டால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடிக்கொண்டே போகும். பசுமை வரி தனி.

ஆறு மாதத்துக்குள் முடியப் போகிறது என்றால் புதுப்பித்துவிட்டே விற்கச் சொல்வேன். போட்ட பணத்தை விலையில் வைத்துக்கொள்ளலாம், விற்பதும் சுலபம். ஆர்.டி.ஓ. மைதானத்தில் பிரேக் ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வருவார், சேசிஸ் நம்பர் கேட்பார். நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் போக வேண்டும். தேய்ப்பதற்கு முன் அந்த இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். ஒரு எழுத்து மங்கலாக வந்தாலும் இன்னொரு நாள் அலைய வேண்டும். மாற்றிய எக்ஸாஸ்ட்டோடு அங்கே போகாதீர்கள்.

வாங்குகிறவர் மாடிஃபை செய்தால் அது சட்டப்படி சரியா? எனக்கு ஏதாவது வருமா?

உண்மையைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நிறையப் பேர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம் என்று இருக்கிறது. வண்டியின் நிறத்தை மாற்றலாம், ஆனால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இன்ஜினையே மாற்றினால் முன் அனுமதியும் ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பரும் வேண்டும்.

ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும் வரை அந்த வண்டியில் செய்த மாற்றத்துக்கும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெயர் மாறிய பிறகு அவர் பாடு. வாங்க வருகிற தம்பிகளிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன்: முழுசாக மாற்ற ஆசை இருந்தால் அதை டிராக் வண்டியாக்கு, லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டு போ, இல்லை சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போ. ஊருக்குள் ஓட்டுவதாக இருந்தால் சஸ்பென்ஷன் புஷ், நல்ல பிரேக் பேட், நல்ல டயர், சுத்தமான ட்யூனிங்கோடு நிறுத்து. அந்த விடெக்குக்கு அதுவே போதும். நான் பதினெட்டு வருடம் ஓட்டியவன்.

டெஸ்ட் டிரைவ் ஏற்காடு மலையில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கேட்பதில் தப்பில்லை. சேலத்தில் இதைவிடச் சிறந்த பரிசோதனைச் சாலை கிடையாது. ஆனால் ஸ்டீயரிங்கை யார் பிடிப்பது என்பதில் நான் கறார். முதலில் லைசென்ஸை வாங்கிப் பார்ப்பேன், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்ப்பேன். கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வரை சமவெளியில் அவர் ஓட்டலாம், நான் பக்கத்தில் இருப்பேன். அடிவாரத்தில் இடம் மாறுவோம். மலை ஏறுவதும் இறங்குவதும் நான்.

20 கொண்டை ஊசி வளைவுகளும் வண்டியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும். முதல் ஐந்தாறு வளைவுக்குள் கிளட்ச் நழுவுகிறதா என்று தெரியும்: ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன்பக்கத்தில் கட்கட் என்று சத்தம் வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட். பாதி வழியில் ஏ.சி.யைப் போட்டுவிட்டு டெம்பரேச்சர் ஊசியைப் பாருங்கள். நல்ல ரேடியேட்டர் என்றால் ஊசி அசையாது. மேலே ஏரிப் பக்கம் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு, நின்ற இடத்தில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று அவரையே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒளிவில்லாத ஆள் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு வரும்.

இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு வெளியே வராதீர்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். என் லான்சரைப் பார்க்க வந்த ஒருவர் கெஞ்சிக் கேட்டார் என்று இறங்குவதை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் சமவெளிக்காரர், நான்காவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். எட்டாவது வளைவுக்கு வரும்போது பிரேக் கருகிய வாசம் உள்ளே அடித்தது, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை இறக்கச் சொல்லி, சுவர் ஓரமாக நிறுத்தினோம். முக்கால் மணி நேரம் சக்கரம் ஆறும் வரை குரங்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்தக் கறார்.

மே மாதம் கோடை விழா நேரத்திலும் சனி ஞாயிறிலும் மலைக்கே போகாதீர்கள். வாரநாளில் காலை ஆறரைக்குப் போனால் சாலை நமக்கே நமக்கு.

பணம் எப்படி வாங்குவது?

வங்கிக் கணக்குக்கு. பணம் வந்த செய்தியை அவர் போனில் காட்டுவார், அதை நம்பாமல் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

வண்டியைப் பார்க்காமலேயே கேட்ட விலைக்குச் சரி என்று ஒருவர் சொன்னால் உஷாராகிவிடுங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று வரும். பணம் வாங்குகிறவர் எதையும் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. அட்வான்ஸ் வாங்கினால் எத்தனை நாளுக்குள் மீதி, தவறினால் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. பெயர் மாற்றம் அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதுமா?

போதவே போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

என் லான்சரை 2011-ல் ஒரு புரோக்கர் மூலம் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான வெற்று ஃபார்ம் 29-லும் 30-லும் கையெழுத்துப் போட்டேன், டெலிவரி நோட்டில் தேதியும் நேரமும் எழுதிக்கொண்டேன், பணத்தை எண்ணி வாங்கினேன், முடிந்தது என்று நினைத்தேன். பதினான்கு மாதம் கழித்து வேறு மாவட்டத்து விபத்து இழப்பீட்டு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. ஒரு பைக்காரர் மேல் கார் மோதியிருக்கிறது. ஓட்டியவரை நான் பார்த்ததே இல்லை. வண்டி அதற்குள் இரண்டு கை மாறியிருந்தது, ஆர்.சி. மட்டும் என் பெயரிலேயே இருந்தது. இன்சூரன்ஸ் உயிரோடு இருந்ததால் பணம் கட்டாமல் தப்பித்தேன். ஆனால் நான்கு வாய்தாவுக்கு லீவு போட்டுப் போய் வந்தேன். கால் ஒடிந்த அந்த மனிதர் ஊன்றுகோலோடு வராந்தாவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இன்னமும் அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: வண்டியை விற்றிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. அந்த வழக்கிலும் வண்டி பல கை மாறியிருந்தது.

எனவே விற்கிறவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். நான் இப்போது செய்வது இதுதான். அரசின் பரிவாகன் இணையத் தளத்தில் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கிறோம், நிலுவை இ-சலான் இருந்தால் முதலில் கட்டிவிடுகிறேன், கடன் வாங்கிய வண்டி என்றால் ஃபார்ம் 35 வைத்து வங்கிப் பெயரை ஏற்கெனவே நீக்கியிருப்பேன். ஃபார்மில் வாங்குபவர் பெயரும் முகவரியும் நிரப்பாமல் கையெழுத்து கிடையாது. அவர் ஆதார் நகல் என்னிடம் இருக்கும். விலைக்கு மேல் பத்தாயிரம் ரூபாயை அவர் எனக்கு டெபாசிட்டாகக் கொடுத்து, பெயர் மாறிப் புது ஆர்.சி. வந்த அன்று நான் திருப்பித் தரும் வழக்கமும் உண்டு. புரோக்கர்களுக்கு இது பிடிக்காது. அவர்கள் பெயரில் மாற்றாமல் அடுத்த ஆளுக்குத் தள்ளுவதுதான் அவர்கள் கணக்கு. இரண்டு லட்சம் சொன்ன புரோக்கரை நான் அனுப்பியது இதனால்தான்.

இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக்?

நோ க்ளைம் போனஸ் (இன்சூரன்ஸில் க்ளைம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுடையது, வண்டியோடு போகாது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். ஃபாஸ்டேக்கை விற்கும் அன்றே கண்ணாடியிலிருந்து கிழித்து, வங்கியில் மூடச் சொல்லிவிடுங்கள். பலேனோ விற்ற நண்பர் மறந்துவிட்டார். இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வைகுந்தம் டோலில் பணம் எடுத்ததாக அவர் போனுக்குச் செய்தி வந்தது.

கேரளாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேட்கிறார்கள்.

கொடுக்கலாம், அங்கேயும் இந்த வண்டிகளைக் கண்ணாக வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுக்க வேண்டும், வெளிமாநிலத்துக்கு விற்றால் தெரிவிக்க 45 நாள். அவர் தன் மாநிலத்தில் மறுபடி சாலை வரி கட்ட வேண்டியிருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்.ஓ.சி. எடுத்தாலும் அங்கே புது நம்பர் விழும் வரை கண் வைத்திருங்கள்.

பிரித்து பாகமாக விற்றால் கூடுதல் பணம் வரும் என்கிறார்களே?

வரலாம். இன்ஜின், கியர்பாக்ஸ், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கிறது. ஆனால் ஓடுகிற வண்டியைப் பிரிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். இந்த சிட்டி 2003-ல் நின்றுவிட்டது. இனி ஒன்றுகூடப் புதிதாக வராது. விபத்தில் நொறுங்கி, இனி ஓடாது என்ற வண்டியைப் பிரிப்பது வேறு. அப்போதும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லி ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். ரத்து செய்யாத பழைய ஆர்.சி. திருட்டு வண்டிக்குப் போகும்.

அப்பாவின் கார். அவர் போன வருடம் தவறிவிட்டார். ஆர்.சி. இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது.

நேராக விற்க முடியாது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் ஃபார்ம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். நாள் கடந்திருந்தாலும் இப்போதாவது செய்யுங்கள். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். உங்கள் பெயருக்கு வந்த பிறகு விற்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். பெயர் மாறி வரும் அந்த இரண்டு மூன்று மாதம் வாரம் ஒருமுறை வண்டியை எடுத்து ஐந்து ரோடு வரையாவது ஓட்டி வாருங்கள். பேட்டரி சாகாமல் இருக்கும். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதும் அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து இருவர் இப்படி ஓட்டிப் பார்த்து, விற்காமல் விட்டுவிட்டார்கள்.

விற்ற பிறகும் வாங்கியவர் போன் செய்கிறார். எடுப்பதா?

எடுங்கள். பதினெட்டு வருடம் அந்த வண்டியோடு இருந்தவருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பங்குனியில் ஒருநாள் மத்தியானம் என் சிட்டியை வாங்கிய தம்பி போன் செய்தார். ஏற்காட்டிலிருந்து இறங்கும் வழியில், பதினோராவது வளைவில் டீ குடிக்க நிறுத்தினாராம். "அண்ணா, செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." சாவியை ஆன் செய்து சத்தம் கேட்கச் சொன்னேன். பம்ப் முனகவில்லை. நான் சாலிடர் வைத்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால், மறுபடி விட்டிருக்கிறது. கண்ணாடிகளை இறக்கி, டாஷ்போர்டுக்கு அடியில் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, ஈரத் துணியை மேலே வைக்காமல் பக்கத்தில் வைத்து விசிறச் சொன்னேன். போனை வைக்கவில்லை. ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். முதலில் பம்ப் முனகியது, பிறகு இன்ஜின் பிடித்தது, அவர் ஒருமுறை ஆக்சிலேட்டரை மிதித்தார். போனிலேயே அந்தக் குரல் எனக்கு அடையாளம் தெரிந்தது.